காதில் போட வேண்டிய செய்தி

கரா-பெல் கணவாய், வானிலை நிலையம்
12 அக்டோபர் 2007

தம்பி தாலாய்க்கு அக்கா புருலின் சலாம். நான் சுகம். இங்கே காற்று என்னைவிடச் சுகம், ராப்பகலாகக் கத்துகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? ஜெனிஷ் எப்படி இருக்கிறான்? இன்னும் அந்தக் கிழிந்த தொப்பிதானா?

ஊரெல்லாம் கைப்பேசி வந்துவிட்டது என்கிறாய். இந்த உச்சிக்கு வந்து பார். நிலையத்தின் கம்பியில்லாக் கருவியில் பனியின் ஆழமும் காற்றின் வேகமும்தான் போகும், தம்பியின் நலன் போகாது. அதனால் எசெனின் லாரியே நமக்குத் தபால்காரன். பாதை மூடினால் ராணுவத்தின் சங்கிலிச் சக்கர வண்டியை அவன்தான் ஓட்டி வருவான். மாவு, எண்ணெய், உன் கடிதம் எல்லாம் ஒரே மூட்டையில் வரும்.

நீயும் ஜெனிஷும் சேர்ந்து போட்ட 'எகிஸ்' இரட்டையரின் முதல் ஆல்பத்தை எங்கள் கோல்யா வானொலியில் கேட்டுவிட்டு, கருவி அறையில் கரடி மாதிரி ஆடினான். தலைவர் துர்துகுல், "இது பாட்டா, ஜெனரேட்டர் ரிப்பேரா?" என்று கேட்டார். கேட்டாரே ஒழிய அவருடைய காலும் தாளம் போட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டாவது எப்போது?

உன் அத்தான் ஒமூர் வடக்கே ரஷ்யச் சுரங்கத்தில் இருக்கிறார். வசந்தத்தில் ஒப்பந்தம் முடிகிறது, அதோடு வந்துவிடுவாராம். என் நாத்தனார் அனார்குலுக்கு அவர் ஃபோன் செய்வார், அவள் சொல்லி அனுப்புவாள், நான் இங்கே கேட்டுக்கொள்வேன். இப்படித்தான் ஓடுகிறது எங்கள் குடித்தனம்.

குளிருக்கு மார்பை மூடிக்கொள்.
அக்கா புருல்


பிஷ்கெக்
4 நவம்பர்

அன்புள்ள அக்காவுக்கு தாலாயின் சலாம். உடம்பு நன்றாக இருக்கிறது. மனம்தான் இல்லை. கோல்யா ஆடிய செய்தி கேட்டு ஜெனிஷ் விழுந்து விழுந்து சிரித்தான். இந்த மாதத்தில் அவன் சிரித்தது அன்றைக்கு மட்டும்தான்.

இரண்டாவது ஆல்பம் வரமாட்டேன் என்கிறது. பேர் மட்டும் வைத்துவிட்டோம், 'வடக்கே'. அத்தானை நினைத்து வைத்ததுதான். ஒன்பது பாட்டு செய்தோம், ஒன்பதும் முதல் ஆல்பத்தின் எச்சில். வெளியிடுகிறவரிடம் போட்டுக் காட்டினோம். "தம்பிகளா, தாளம் இருக்கு, உசுரு இல்லையே. முதல் ஆல்பத்தோட முடிஞ்சுபோன ஆளுங்க இந்த ஊர்ல நிறைய பேரு, தெரியுமில்ல?" என்றார். ஜெனிஷ் வெளியே வந்து, "மார்ச்சுக்குள்ள ஒண்ணு கிடைக்கலைன்னா நான் எங்க மாமா கறிக்கடைக்குப் போயிடுறேன்டா" என்று சொன்னான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஒரு உதவி கேட்கிறேன், திட்டாதே. அம்மா போனபோது நீ பாடினாயே ஒப்பாரி, நம் நாரின் ஊர் முழுக்கப் பேசினார்களே, அதைக் கோல்யாவின் டேப்பில் ஒருமுறை பாடி அனுப்பு. அதன் கீழே தாளம் போட்டால் எப்படி இருக்கும் என்று என் தலைக்குள் இப்போதே கேட்கிறது.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்
தாலாய்


கரா-பெல்
26 நவம்பர்

தாலாய், சலாம். நலமாக இரு, புத்தியோடும் இரு.

நகரத்துக்குப் போனால் எல்லாம் மறந்துபோகுமா? சாவு விழாமல் ஒப்பாரி பாடுவார்களா? கருப்புத் துணி கட்டாமல், சுவரைப் பார்த்து உட்காராமல், சும்மா டேப்புக்கு முன்னால் உட்கார்ந்து நான் யாரை அழுவது? கோல்யாவின் பூனையையா? அதுவும் நம் வீட்டு ஆள் ஒருவர் பூமிக்கு அடியில் வேலை செய்யும்போது என் வாயிலிருந்து அந்த ராகம் வரவே வராது. உன் ஆல்பம் பெரிது என்று எனக்குத் தெரியும். வேறு எது வேண்டுமானாலும் கேள். காற்றைப் பதிந்து அனுப்புகிறேன், வேண்டுமா? இங்கே அது இலவசம்.

கோபித்துக்கொள்ளாதே. மூட்டையில் குர்த் என்கிற காய்ந்த தயிர் உருண்டையும் குதிரை இறைச்சிக் குழலும் வைத்திருக்கிறேன். ஜெனிஷுக்கும் பாதி கொடு, முழுவதையும் நீயே விழுங்காதே. உன் அத்தானுக்கு ஒரு கம்பளிச் சட்டை பின்னுகிறேன், கழுத்துவரை வந்துவிட்டது. அவர் ஃபோன் செய்தாரா என்று அனார்குல் அண்ணியிடம் கேட்டு எழுது. இந்த முறை எசென் வெறுங்கையோடு வந்தான்.

அக்கா


நாரின்
19 டிசம்பர்

தாலாய், அனார்குல் எழுதுகிறேன். நீ பத்திரமாக பிஷ்கெக் போய்ச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். நல்லது. எனக்குக் கண் வீங்கிவிட்டது, எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

பெரியப்பாவும் மற்றவர்களும் வந்து எனக்குக் காதில் போட்ட அன்றைக்கு நீயும் கூட இருந்தது ஆறுதலாக இருந்தது. உள்ளே வந்ததும் அவர் வேட்டைக் கழுகைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். "நல்ல கழுகுதான்மா, கயித்த அறுத்துக்கிட்டு மேல போயிடுச்சு, இனி எந்தக் கைக்கும் வராது" என்றார். அப்போதே என் தம்பி போய்விட்டான் என்று தெரிந்துவிட்டது. சுரங்கத்தில் வாயு. உடலைக்கூட எடுக்க முடியாமல் மூடிவிட்டார்களாம். மண் போட ஒரு பிடி இடம்கூட இல்லாமல் போனான் என் ஒமூர். நான் ஒப்பாரி பாடியபோது நீ துக்கத்துக்குப் போட்ட கூடாரத்தின் வாசலில் தலை குனிந்து நின்றாய். சொந்தத் தம்பி மாதிரி நின்றாய்.

இப்போது புருல். கணவாய் மூடிவிட்டது. எழுபது வயதுக்காரர்களைப் பனிச்சரிவில் கூட்டிப்போக முடியாது. பெரியப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பாதை திறந்ததும் பெரியவர்கள் போவார்கள், முறைப்படி உட்கார்ந்து காதில் போடுவார்கள், நான் பக்கத்தில் இருந்து அவள் தோளைப் பிடிப்பேன். அதுவரை ஒரு வார்த்தை போகக்கூடாது. புருஷன் செத்த செய்தியைக் காகிதத்தில் படித்தவள் என்றோ, கம்பியில்லாக் கருவியில் கேட்டவள் என்றோ அவளுக்குப் பேர் வரக்கூடாது. தனியாக, அந்த உச்சியில், யாருமில்லாமல் அவள் கேட்டால் என்ன ஆவாள் என்று யோசித்துப் பார்.

நிலையத் தலைவருக்கும் கோல்யாவுக்கும் மட்டும் எசென் சொல்லிவைப்பான். நீ அவளுக்கு வழக்கம்போல எழுது. எழுதாமல் இருந்தாலும் சந்தேகப்படுவாள்.

இறைவன் நம்மைத் தாங்கட்டும்.
அனார்குல்


பிஷ்கெக்
15 ஜனவரி 2008

அன்புள்ள அக்காவுக்கு சலாம். நலமா? சாப்பிடுகிறாயா? நன்றாகச் சாப்பிடு. இங்கே இப்படியொரு குளிரை யாரும் பார்த்ததில்லை. குழாய்த் தண்ணீர் உறைந்துவிட்டது, மின்சாரம் வருவதும் போவதுமாக இருக்கிறது. வரும்போது வேலை செய்கிறோம்.

குர்த் வந்தது. ஜெனிஷுக்குப் பாதி கொடுத்தேன்.

ஆல்பம் நடக்கிறது. ஒரு குரல் கிடைத்தது. கடைசிப் பாட்டுக்கு அதை வைத்தோம், மற்ற ஒன்பதும் அதோடு சேர்ந்து எழுந்து நின்றுவிட்டன. வெளியிடுகிறவர் கேட்டுவிட்டு மறுபடியும் போடச் சொன்னார். "இது யாருப்பா?" என்றார். நாரின் பக்கத்து அம்மா ஒருத்தி என்று சொன்னேன். பிப்ரவரிக் கடைசியில் வருகிறது.

நாரினில் எல்லோரும் இருக்கிறார்கள். பாதை திறந்ததும் அனார்குல் அக்கா உன்னைப் பார்க்க வருகிறாளாம். சட்டையை அவசரமாக முடிக்காதே, கை வலிக்கும்.

தாலாய்


கரா-பெல்
20 பிப்ரவரி

தம்பிக்கு சலாம். உன் உடம்புக்கு என்ன? உண்மையைச் சொல்.

நான் முட்டாள் இல்லை. கோல்யா தன் பங்குச் சர்க்கரையை என் டப்பாவில் போடுகிறான். சர்க்கரைக்காகத் தலைவரோடு கட்டிப் புரண்டு சண்டை போட்டவன் அவன். பனி அளக்க நான் கிளம்பினால் துர்துகுல், "நீ உக்காரும்மா, நான் போயிட்டு வரேன்" என்கிறார். இடுப்புவலிக்காரர், இந்தக் காற்றில். என்னிடம் யாரும் கேலி பேசுவதில்லை. நான் அறைக்குள் போனால் பேச்சை நிறுத்துகிறார்கள்.

ஏதோ ஒன்று எனக்குத் தெரியாமல் இருக்கிறது. உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உன் எழுத்தே மாறியிருக்கிறது. ஜெனிஷைப் பற்றிய பேச்சும் குறைந்துவிட்டது. உனக்குப் பெரிய வியாதி வந்து, அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று எல்லோர் வாயையும் அடைத்திருக்கிறாயோ என்று நினைத்து நினைத்து எனக்குத் தூக்கம் போகிறது. அம்மாவின் வியாதியையும் இப்படித்தான் மூடி மறைத்தோம். அப்படி ஏதாவது இருந்தால் எழுதித் தொலை. நான் தாங்குவேன். எனக்கு இருப்பது நீங்கள் இரண்டு பேர், நீயும் உன் அத்தானும்.

அத்தானைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. சட்டை முடிந்துவிட்டது. கை வலிக்கவில்லை.

அக்கா


நாரின்
11 மார்ச்

தாலாய்,

நலம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

நேற்று சந்தைக்குப் போகும் மினிபஸ்ஸில் ஏறினேன். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பையன்கள் தோளைக் குலுக்கிக்கொண்டு ஆடினார்கள். டம் டம் என்று அடித்து, அடித்து, சட்டென்று நின்றது. அந்த இடத்தில் என் குரல் வந்தது. என் தம்பிக்கு நான் அழுத குரல். "பனிக்கு முந்திப் போனவனே, பாதை தெறந்தா வருவியா, கூடப் பொறந்த ஒரே தம்பி." பக்கத்தில் இருந்த பெண், "இதுதான்க்கா இப்போ ஊரெல்லாம். கேட்டதில்லையா?" என்று என்னையே கேட்கிறாள். நான் வண்டியை நிறுத்தி இறங்கிவிட்டேன்.

தலை குனிந்து நின்றாயே, அது துக்கம் என்று நினைத்தேன். பைக்குள் பதிவுக் கருவி ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாயா?

பெயரை வெட்டியிருக்கிறாய். ஒமூர் என்று நான் கூப்பிட்ட இடத்திலெல்லாம் உன் டம் டம் இருக்கிறது. சாமர்த்தியம்தான். குரலை என்ன செய்வாய்? புருல் என் சமையலறையில் மூன்று வருஷம் இருந்தவள், நான் இருமினாலே தெரியும். நிறுத்து. எப்படியாவது எல்லா இடத்திலும் நிறுத்து.

அனார்குல்


பிஷ்கெக்
18 மார்ச்

அனார்குல் அக்காவுக்கு சலாம். நீங்கள் என்ன திட்டினாலும் தகும்.

நிறுத்த முடியாது அக்கா. எங்கள் கையை விட்டுப் போய்விட்டது. கடையில் விற்பது கொஞ்சம், நகல் எடுத்து விற்பதுதான் மலை. வானொலியில் ஒரு நாளைக்கு எத்தனை தடவை என்று எங்களுக்கே தெரியாது. அல்மாத்தியிலிருந்து கூப்பிட்டார்கள். முதல் ஆல்பத்தைப் பார்த்துச் சிரித்த செய்தித்தாள்காரர், இரண்டாவதில் இந்தப் பையன்கள் நம் மண்ணின் துக்கத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்று எழுதியிருக்கிறார். ஜெனிஷ் அதை வெட்டிச் சுவரில் ஒட்டினான். உண்மை தெரிந்ததும் அவனே கிழித்தான். அவனிடம்கூட நான் சொல்லவில்லை. யாரோ கூலிக்குப் பாடியது என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

தாளத்தோடு சேர்த்துக் கேட்டபோது அதை என்னால் அழிக்க முடியவில்லை. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும். அத்தானுக்கு ஒரு கல்லறைகூட இல்லை, இது இருக்கட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புருல் அக்கா இருக்கிற இடத்தில் கேட்க ஒரே ஒரு வானொலிதான். அதை ஒளித்துவைக்கச் சொல்லி எசெனிடம் சொல்லியனுப்பிவிட்டேன். பாதை திறக்க அதிக நாள் இல்லை. நீங்கள் முதலில் போய்ச் சேர்ந்துவிடுங்கள். அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்.

தாலாய்


கரா-பெல்
6 ஏப்ரல்

என் தம்பிக்கு ஆயிரம் சலாம். நீ பிழைத்துக் கிடக்கிறாய், அது போதும். எசெனின் கையைப் பிடித்துக்கொண்டு சத்தியம் வாங்கினேன். "தாலாய்க்கு ஒரு நோயும் இல்லக்கா. குதிரைக்குட்டி மாதிரி இருக்கான்" என்றான். என் மேலிருந்து ஒரு மலை இறங்கியது. உன் ஆல்பம் நாடெல்லாம் ஓடுகிறது என்றும் சொன்னான். எப்படி இருக்கிறது என்று கேட்டால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அவனுக்குப் பழைய பாட்டுதான் பிடிக்கும் போலிருக்கிறது.

பாவம் பார், நான் மட்டும்தான் இன்னும் கேட்கவில்லை. உன் சொந்த அக்கா. நம் வானொலி செத்துவிட்டதாம். கோல்யாவிடம் திறந்து பார்க்கச் சொன்னால், "அது போச்சுக்கா, விடு" என்று போர்வைக்குள் போய்விடுகிறான்.

ஆனால் கேட்டுவிடுவேன். கணவாயின் கீழ்ப்பக்கம் திறந்துவிட்டது. பதினெட்டாம் தேதி துர்துகுல் மகளுக்கு அவர் ஊரில் கல்யாணம். முதலில் என்னைக் கூப்பிடத் தயங்கினார். என் முகம் சுருங்கியதும், "வாம்மா, வராம இருப்பியா" என்றார். கோல்யா நிலையத்தைப் பார்த்துக்கொள்கிறான். நாரினிலிருந்து பாட்டுப் போடும் பையன் வருகிறானாம். 'எகிஸ்' போடச் சொல்லி நானே கேட்பேன், என் தம்பி என்று எல்லோரிடமும் சொல்வேன். ஆறு மாதமாக மனிதர்களைப் பார்க்கவில்லை, கால் வலிக்க ஆடப்போகிறேன்.

அனார்குல் அண்ணியும் பெரியவர்களும் அதே வாரத்தில் என்னைப் பார்க்க வருகிறார்களாம். இவ்வளவு பேர் எதற்கு? உன் அத்தானும் கூட வருகிறாரா, எனக்குச் சொல்லாமல் திடீரென்று முன்னால் நிறுத்தப் பார்க்கிறீர்களா? அப்படியானால் என்னிடம் சொல்லாதே. சட்டையைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன்.

உன் அக்கா


பிஷ்கெக்
16 ஏப்ரல்

அக்கா,

கல்யாணத்துக்குப் போகாதே. நிலையத்திலேயே இரு. காரணம் கேட்காதே, நான் கும்பிட்டுக் கேட்கிறேன். போனாலும் பாட்டுப் போடும் இடத்தில் இருக்காதே.

எசென் பெரியவர்களைக் கூட்டிவர நாரின் போய்விட்டான். வேறு ஒரு லாரிக்காரனிடம் இதைக் கொடுக்கிறேன். கையில் கிடைத்ததும் படி.

தாலாய்


கரா-பெல்
25 மே

தாலாய்,

உன் பதினாறாம் தேதிக் கடிதம் மே மாதம் முதல் வாரத்தில் வந்தது. லாரிக்காரனைக் குறை சொல்லாதே, பாதையில் மண் சரிந்துவிட்டது.

நடந்ததை உனக்கு வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நான் சொல்கிறேன்.

கல்யாணத்தில் நான்தான் அந்தப் பையனிடம் போய், "எகிஸ் இருக்காப்பா?" என்று கேட்டேன். "அது இல்லாம கல்யாணமாக்கா?" என்றான். என் தம்பி என்று சொன்னேன். அவன் அதை ஒலிபெருக்கியிலேயே சொல்லிவிட்டான். எல்லோரும் கைதட்டினார்கள், என்னை நடுவில் இழுத்துவிட்டார்கள். ஆடினேன். நன்றாக ஆடினேன். தாளம் ஏறிக்கொண்டே போய் நின்றது, குரல் வந்தது, மண்டபமே கையைத் தூக்கியது. நானும் தூக்கினேன். முதல் தடவை எனக்குப் புரியவில்லை. குரல் இரண்டாம் தடவை வந்தபோதுதான் அண்ணி என்று தெரிந்தது. ஒப்பாரி என்று தெரிந்தது. அவளுக்கு இருப்பது ஒரே தம்பி.

கையைக் கீழே இறக்க எனக்குத் தெரியவில்லை. சுற்றிலும் எல்லோரும் ஆடிக்கொண்டிருந்தார்கள். துர்துகுலுக்குப் பாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, என் முகத்தைப் பார்த்துத்தான் ஓடிவந்தார். என் புருஷன் செத்துப்போனதைக் கல்யாணப் புதுத் துணியோடு நூறு பேர் நடுவில், கையைத் தூக்கிக்கொண்டு கேட்டேன்.

மறுநாள் பெரியவர்கள் வந்தார்கள். நான் யாரிடமும் சொல்லவில்லை, துர்துகுலிடமும் வாயைத் திறக்க வேண்டாம் என்றேன். பெரியப்பா அவ்வளவு தூரம் அந்த முட்டிவலியோடு வந்திருக்கிறார். டீ ஊற்றிக் கொடுத்தேன். கழுகைப் பற்றிச் சொன்னார். ஒன்றும் தெரியாதவள் மாதிரி கடைசிவரை கேட்டேன். அண்ணி மட்டும் என் கண்ணைப் பார்த்தாள், பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

என்னை நாரினுக்குக் கூட்டிப்போனார்கள், அங்கே கருப்பு உடுத்திச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். பெண்கள் காத்திருந்தார்கள். அம்மாவுக்கு அப்படிப் பாடியவள், புருஷனுக்கு எப்படிப் பாடுவாள் என்று காத்திருந்தார்கள். வாயைத் திறந்தேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் உன் தாளம் வந்தது. நிறுத்தினேன், மறுபடி ஆரம்பித்தேன், மறுபடி வந்தது. என்னால் முடியவில்லை. நான் உட்கார்ந்துகொண்டே இருந்ததைப் பார்த்து அண்ணி எனக்காக ஆரம்பித்தாள். வெளியே விளையாடிக்கொண்டிருந்த குழந்தைகளுக்குக் கேட்டது. தெரிந்த பாட்டாயிற்றே, கை தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன் டம் டம் என்று வாயாலேயே போட்டான். பெரியப்பா வெளியே போய்த் துரத்தினார். அதற்குப் பிறகு அண்ணியும் பாடவில்லை. ஒமூருக்கு ஒப்பாரி இல்லாமலே போயிற்று.

இப்போது நான் லாரியில் ஏறினால் எசென் பாட்டை அணைத்துவிடுகிறான். கடைக்குப் போனால் கடைக்காரன் அணைத்துவிடுகிறான். நாட்டிலேயே உன் பாட்டு கேட்காத இடம் நான் நிற்கிற இடம்தான்.

போன வாரம் எசெனிடம் போடச் சொன்னேன். மாட்டேன் என்றான். "போடுறியா, நான் இறங்கி நடக்கட்டுமா?" என்றேன். போட்டான். கணவாய் ஏறும்வரை, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை, திரும்பத் திரும்பக் கேட்டேன். அங்கேதான் எனக்கு அழுகை வந்தது. வாய்விட்டு அழுதேன், எசென் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கிப் போய்விட்டான். இவ்வளவு நாளில் ஒமூருக்காக நான் அழுதது அந்த ஒரு தடவைதான், அதுவும் உன் தாளத்துக்கு.

பெரியப்பா உன்னை வீட்டில் சேர்க்கக் கூடாது என்கிறார். அண்ணி உன் பேரையே எடுப்பதில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள்.

நல்ல பாட்டு, தாலாய். அது மட்டமான பாட்டாக இருந்திருந்தால் நான் உன்னை மன்னித்திருப்பேன்.

புருல்